ரீல் பெட்டி: காதலி முன்னால் நிற்கும் கௌபாய்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் காட்ட ஒரு மௌனப் படம் சொல்லுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்கக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘கோ வெஸ்ட்’ (1925), ஒரு கௌபாயும் ஒரு பசுவும், பாருங்கள் என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலம், நாமக்கல், தர்மபுரி என்று பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சேலத்துத் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் எனக்குப் பேச்சுப் படம்தான் சோறு போட்டது. மனசைப் பிடித்துக்கொண்டது மௌனப் படம். அதிலும் 1910களில் வந்த சின்னச் சின்னக் கௌபாய் காமெடிகள். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கௌபாய் படம் என்றால் துப்பாக்கி, குதிரை, பழிவாங்கல். இதற்குள் காதலும் காமெடியும் எப்போது நுழைந்தன?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

தனியாக வந்து நுழையவில்லை தம்பி, முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தன. 1903ல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’யைப் பாருங்கள். மொத்தமே 12 நிமிடம்தான். கடைசியில் கொள்ளைக்காரன் நம்மைப் பார்த்துச் சுடுவானே, அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நடுவில் ஒரு நடனக் கூடம் வரும். ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருப்பார்கள். பட்டணத்துக்காரன் ஒருவன் உள்ளே வருவான். அவன் காலடியில் சுட்டுச் சுட்டு அவனையும் ஆடவைப்பார்கள். கொள்ளைக் கதைக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. ஆனாலும் போர்ட்டர் வைத்தார். பெண்களோடு ஆட்டம், அதில் அகப்பட்டுக்கொண்ட ஒரு புது ஆள் என்று பின்னால் வந்த கௌபாய் காமெடிகள் அத்தனைக்கும் விதை அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

அப்படி ஆடியவர் கில்பர்ட் ஆண்டர்சன். அதே படத்தில் கொள்ளையனாகவும், சுடப்பட்டுச் சாகும் பயணியாகவும் அவரே வருவார். 1907ல் ஜார்ஜ் ஸ்பூரோடு சேர்ந்து சிகாகோவில் எஸ்ஸனே என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ‘பிராங்கோ பில்லி’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்களில் நடித்தார். 1912ல் கலிஃபோர்னியாவில் நைல்ஸ் என்ற சிற்றூருக்குத் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார். பில்லியின் படங்கள் உருக்கமானவை. அதே கம்பெனி பக்கத்திலேயே ‘ஸ்னேக்வில்’ என்ற கற்பனை ஊரை வைத்துக் காமெடிப் படங்களையும் வரிசையாக எடுத்தது. அந்த ஊரின் நாயகன் அல்கலி ஐக். நடித்தவர் அகஸ்டஸ் கார்னி. குள்ளமான ஆள், அளவுக்கு மீறிய மிடுக்கு. அவனுக்குப் போட்டி மஸ்டாங் பீட், அதாவது ஹாரி டாட். இருவரும் சுற்றிச் சுற்றி வருகிற பெண்ணாக மார்கரெட் ஜாஸ்லின். நிஜ வாழ்க்கையில் அந்த அம்மாள் ஹாரி டாடின் மனைவி.

1911ல் வந்த ‘அல்கலி ஐக்ஸ் ஆட்டோ’ இந்த வகைக்கு நல்ல உதாரணம். ஒரு பெண், இரண்டு ஆண்கள். குதிரையை நம்பினால் பீட் முந்திவிடுவான் என்று பார்க்கிற ஐக், ஒரு மோட்டார் காரைப் பிடித்துவிடுகிறான். குதிரைக்காவது அவன் பேச்சு கொஞ்சம் கேட்கும். கார் கேட்குமா? அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மனிதன் காரில் ஏறி உட்கார்ந்து அவளைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் காதல் பொய்யே இல்லை. வீம்புதான் பொய். இந்தப் படங்கள் காதலைக் கேலி செய்வதில்லை; காதலுக்கு முன்னால் ஆம்பிளை காட்டுகிற பவிசைத்தான் கேலி செய்கின்றன. இது எனக்கு ரொம்பவும் முக்கியமாகப் படுகிறது. கீழே வருகிற பதில்களிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நான் ஆடு வளர்க்கிறேன். அந்தக் கௌபாய்கள் நிஜமாகவே மாடு மேய்த்தவர்களா, வேஷமா?
– மேச்சேரி வாசகர்

நல்ல கேள்வி. முன்னால் நின்று நடித்தவர்கள் பெரும்பாலும் நாடக ஆட்கள். பின்னால் குதிரையில் கூட்டமாக வருகிறார்களே, அவர்களில் நிறையப் பேர் நிஜமாகவே மாடு ஓட்டியவர்கள்.

டெக்சஸிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை வடக்கே ரயிலடிக்கு ஓட்டிப் போகிற தொழில் இருபது வருஷத்துக்கு மேல் செழிக்கவில்லை. 1874ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். மேய்ச்சல் வெளிகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் போயின. ரயில் பாதை அவர்கள் இருந்த இடத்துக்கே வந்தது. 1886–87 குளிர்காலத்தில் பனியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய்ச்சல் நிலம் அடைபட்டால் மேய்ப்பவன் கதி என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனவர்கள் சர்க்கஸ் மாதிரியான காட்சிகளுக்குப் போனார்கள். பிறகு சினிமாவுக்கு வந்தார்கள். ஹாலிவுட்டில் சன்செட், கோவர் என்ற இரண்டு தெருக்கள் சேரும் முக்கில் தொப்பியும் பூட்சுமாக நின்று துணை நடிகர் வேலைக்குக் காத்திருப்பார்கள். விடிகாலையில் சித்தாள் கொத்தனார்கள் வேலைக்கு நிற்பார்களே, அதே போலத்தான்.

அவர்கள் கொண்டுவந்த ஒரு விஷயம் இந்தக் காமெடிகளுக்குள் ஊறியிருக்கிறது. மாட்டு முகாமில் மாதக்கணக்கில் பெண் முகமே பார்க்க முடியாது. ராத்திரி யாராவது பிடில் வாசித்தால் ஆண்களே ஆண்களோடு ஆடுவார்கள். கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டவன் அன்றைக்குப் பெண் ஜோடி. யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. அப்படி வாழ்ந்தவன் ஊருக்குள் வந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் முன்னால் நின்றால் வாய் குழறத்தான் செய்யும். திமிறுகிற குதிரையை அடக்கியவன் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கசக்குவான். யாரும் எழுதிக் கொடுத்து வந்த சிரிப்பு இல்லை இது. அந்த வாழ்க்கையிலிருந்து வந்தது.

இந்தப் படங்களில் பெண்ணுக்கு என்ன வேலை? கடத்தப்படுவதும் காப்பாற்றப்படுவதும்தானா?
– பள்ளி ஆசிரியை, ஆத்தூர்

சீரியஸ் கௌபாய் படங்களில் பெரும்பாலும் அப்படித்தான் டீச்சரம்மா. காமெடியில் நிலைமை வேறு. அங்கே தீர்ப்பு அவள் கையில்.

முதலில் ஒரு பெண் இயக்குநரைச் சொல்கிறேன். அலீஸ் கீ. பிரான்ஸில் 1896லேயே படம் எடுக்கத் தொடங்கியவர். உலகத்தின் முதல் பெண் இயக்குநர். அமெரிக்கா போய் சோலாக்ஸ் என்ற சொந்தக் கம்பெனியை நடத்தினார். நியூ ஜெர்சியில் ஃபோர்ட் லீயில் ஸ்டுடியோ கட்டினார். 1912ல் அவர் தயாரித்த ‘ஆல்ஜி தி மைனர்’ பத்து நிமிடப் படம். ஆல்ஜி மென்மையான பட்டணத்துப் பையன். அவன் விரும்பும் பெண்ணின் அப்பா, ‘ஒரு வருஷத்தில் நீ ஆம்பிளை என்று நிரூபித்துவிட்டு வா’ என்று கெடு வைக்கிறார். ஆல்ஜி மேற்கே போகிறான். வழி சொன்ன முரட்டு ஆட்களுக்கு நன்றியோடு முத்தம் கொடுக்கிறான். அவர்கள் துப்பாக்கியை உருவுகிறார்கள். பிக் ஜிம் என்ற ஒரு தடியன் மட்டும் அவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறான். ஜிம் இவனுக்குச் சுடக் கற்றுத் தருகிறான். இவன் ஜிம்மின் குடியை நிறுத்துகிறான். நிறைய விமரிசகர்கள் முதல் பாதியைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் பெரிசு. முரடன் கற்றுக் கொடுத்ததைவிட மென்மையானவன் திருப்பிக் கொடுத்தது அதிகம் என்று ஒரு பெண் 1912ல் படம் எடுத்திருக்கிறார்.

அதே காலத்தில் ‘ஃபிளையிங் ஏ’ என்று கூப்பிடப்பட்ட அமெரிக்கன் ஃபிலிம் கம்பெனி ‘கலாமிட்டி ஆன்’ என்ற வரிசையை எடுத்தது. ஆலன் டுவான் இயக்கியவை. லூயிஸ் லெஸ்டர் நடித்த அந்த ஆன், அழகுப் பதுமை கிடையாது. நடு வயது, தளர்வான உடுப்பு, கூர்மையான புத்தி. மற்றவர்களின் சிக்கலை அவிழ்ப்பது அவள் வேலை.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. பக்கத்திலேயே கூலமேடு. அங்கே வாடிவாசலுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு முல்லைக்கலிதான் ஞாபகம் வரும். ‘கொல்லேற்றுக் கோடஞ்சுவானை மறுமையும் புல்லாளே ஆய மகள்.’ காளையின் கொம்புக்குப் பயந்தவனை இந்தப் பிறவியில் மட்டும் இல்லை, மறு பிறவியிலும் அவள் அணைக்க மாட்டாளாம். மாடு மேய்க்கிற சமூகம், பந்தயம் வைக்கிற பெண், உயிரைக் கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்கிற பையன். நைல்ஸ் ஊரில் அவர்கள் எடுத்ததும் இதே நிலைமைதான். ஒரு வேறுபாடு உண்டு. கலித்தொகை ஆயன் ஜெயிக்கிறான். ஸ்னேக்வில் ஆயன் விழுகிறான். விழுந்த பிறகும் அவள் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அங்கேதான் காமெடி பிறக்கிறது. காதலில் சிரிப்பு நமக்கு ஆகாது என்பவர்கள் அதே கலித்தொகையில் மருதக்கலியைத் திறந்து கூனியும் குறளனும் பேசிக்கொள்வதைப் படிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் வைது தீர்த்துவிட்டுக் கடைசியில் தழுவிக்கொள்ள இடம் தேடுவார்கள்.

மௌனப் படங்களில் ஏன் எல்லோரும் ஓட்டமாக ஓடுகிறார்கள்?
– எடப்பாடி வாசகர்

அவர்கள் ஓடவில்லை, நாம் ஓட்டுகிறோம். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஆயிரம் அடி ரீலில் 16,000 ஃபிரேம். அந்தக் காலத்து கேமராமேன் கையால் சுற்றினார். விநாடிக்கு ஏறக்குறைய 16 என்று வைத்துக்கொண்டால் அந்த ரீல் 16 நிமிடம் 40 விநாடி ஓடும். பேச்சு வந்த பிறகு விநாடிக்கு 24 என்று நிலைத்துவிட்டது. நான் ஓட்டிய ஆயிரம் அடி ரீல் எல்லாம் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய படத்தை அப்படியே 24ல் விட்டால் ஒன்றரை மடங்கு வேகம். காதலன் தயங்கித் தயங்கி எடுத்து வைக்கிற அடி குதியாட்டம் ஆகிவிடுகிறது. காமெடிக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்த துரத்தல் காட்சிகளும் உண்டு. அவை வேகமாக ஓட வேண்டும். காதல் காட்சி ஓடவே கூடாது. நல்ல ஆபரேட்டர்கள் இடம் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.

இன்னொன்று. அந்தக் கால ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். அதனால்தான் வானம் வெள்ளை வெளேரென்று வெளிறிக் கிடக்கிறது. சிவப்புச் சாயம் பூசிய உதடு கறுப்பாகத் தெரியும்.

தாத்தா, டாம் மிக்ஸ் குதிரைக்குப் பெயர் உண்டா?
– நான்காம் வகுப்பு, அம்மாபேட்டை

உண்டு கண்ணு. மௌனப் பட காலத்துக் கௌபாய் நட்சத்திரம் டாம் மிக்ஸின் குதிரை டோனி. 1922ல் ‘ஜஸ்ட் டோனி’ என்று குதிரையின் பெயரையே படத்துக்கு வைத்தார்கள். ஹாலிவுட்டில் சைனீஸ் தியேட்டர் வாசலில் நட்சத்திரங்கள் சிமெண்டில் கை பதித்திருப்பார்கள். அங்கே டோனியின் குளம்பும் பதிந்திருக்கிறது.

வசனம் இல்லாமல் காதலை எப்படிச் சொன்னார்கள்? கண்ணை உருட்டியா?
– நாமக்கல் வாசகி

கண்ணை உருட்டியவர்கள் உண்டு. நல்லவர்கள் பொருளைக் கொண்டு சொன்னார்கள்.

1917ல் ஜான் ஃபோர்டு, அப்போது 23 வயதுப் பையன், ஹாரி கேரியை வைத்து ‘பக்கிங் பிராட்வே’ எடுத்தார். கௌபாய் தன் காதலிக்கு மரத்தில் சின்ன இதயம் ஒன்றைச் செதுக்கித் தருகிறான். பட்டணத்துக்காரன் ஒருவனோடு அவள் நியூயார்க் போய்விடுகிறாள். அங்கே சிக்கலில் மாட்டியதும் அந்த மர இதயம்தான் பேசுகிறது. பிறகு கௌபாய்கள் குதிரைகளோடு பெருநகரத் தெருவில் பாய்கிறார்கள். கார்களுக்கு நடுவே குதிரைகள். சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. இந்தப் படம் தொலைந்தே போனதாக நினைத்திருந்தார்கள். பிரான்ஸ் நாட்டு ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது.

வில் ரோஜர்ஸ் 1921ல் நடித்த ‘டப்ளிங் ஃபார் ரோமியோ’ இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறது. அவன் நிஜக் கௌபாய். அவள் சினிமா பார்த்துப் பழகியவள். சினிமாவில் காதலிப்பது போலக் காதலி என்கிறாள். அவன் கற்றுக்கொள்ள ஹாலிவுட்டுக்கே போகிறான். தன்னை ரோமியோவாகக் கனவு காண்கிறான். ரோஜர்ஸ் தானே ஓக்லஹோமா பக்கத்து மாட்டுக்காரர், செரோக்கீ பழங்குடி வம்சம், கயிறு சுழற்றுவதில் மன்னன். நிஜக் கௌபாய் ஒருவர், சினிமாக் கௌபாயைப் பார்த்துக் காதலிக்கக் கற்றுக்கொள்கிறவனாக நடித்திருக்கிறார். சினிமாவால் நம் இளைஞர்களின் காதல் எப்படி மாறியது என்று இன்றைக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம். இந்தப் படம் அதை அன்றே பேசிவிட்டது.

டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ‘வைல்ட் அண்ட் வூலி’யும் (1917) இதே பித்தைப் பற்றியதுதான். திரைக்கதை எழுதியவர் அனிதா லூஸ் என்ற பெண். நியூயார்க் ரயில்வே முதலாளியின் மகன் பங்களாவுக்குள்ளேயே கூடாரம் அடித்து, வேலைக்காரர் மேல் கயிறு வீசிப் பழகுகிறான். அவன் அரிசோனா வருகிறான் என்று தெரிந்ததும், ரயில் பாதை வேண்டுமென்பதற்காக அந்த ஊரே 1880 போல வேஷம் கட்டிக்கொள்கிறது. அவன் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டு வைக்கிறார்கள். நடுவே நிஜக் கொள்ளை வந்துவிடுகிறது. அந்தக் குழப்பத்துக்குள் நெல் என்ற பெண்ணிடம் அவன் மனசைக் கொடுக்கிறான். வேஷமாகத் தொடங்கிய வீரம் நிஜமாக வேண்டிய நேரத்தில் நிஜமாகிறது. இந்த வகையில் முழு நீளப் படம் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

சீரியஸ் கௌபாய் நடிகர்கள் இந்தக் கேலியைப் பொறுத்துக்கொண்டார்களா?
– தாரமங்கலம் வாசகர்

வில்லியம் ஹார்ட் பொறுக்கவில்லை. அவர் கல் முகத்தோடு நடித்துக் கண்ணீர் விடுகிற வகை. 1922ல் கீட்டன் ‘தி ஃப்ரோசன் நார்த்’தில் அதே நடை, அதே கண்ணீர் என்று நடித்துக்காட்டினார். தன் மனைவி வேறொருவனோடு இருப்பதாக நினைத்து அழுது சுட்ட பிறகுதான் அது தன் வீடே இல்லை என்று தெரிகிறது. ஹார்ட் வெகுகாலம் தன்னோடு பேசவில்லை என்று கீட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இருவரையும் பிடிக்கும். ஹார்ட் அந்த மேற்கை உயிராக நம்பினார். அவர் மனசு புண்பட்டது எனக்குப் புரிகிறது.

ஏற்காட்டில் மலைக் கிராமத்தில் ‘கோ வெஸ்ட்’ காட்டினீர்களாமே. எங்கள் ஜனங்களுக்கு என்ன புரிந்தது?
– எஸ்டேட் கணக்கர், ஏற்காடு

எனக்குப் புரியாமல் போனதும் அவர்களுக்குப் புரிந்தது.

நாகலூர்ப் பக்கம், காபிப் பழம் பறித்து முடிந்த தை மாதம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டினோம். பனி இறங்கிப் புரொஜெக்டர் வெளிச்சமே பால் கலந்தது போல் தெரிந்தது. கதை இதுதான்: போக்கிடமில்லாத ஒருவன் மேற்கே போய் மாட்டுப் பண்ணையில் சேர்கிறான். அங்கே பிரவுன் ஐஸ் என்ற பசுவின் குளம்பில் சிக்கிய கல்லை எடுத்துவிடுகிறான். அந்தப் பசு அவனைக் காளையிடமிருந்து காக்கிறது. அதன் பிறகு இருவரும் பிரிவதில்லை.

அவனைப் பால் கறக்கச் சொல்வார்கள். மடிக்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் பால் தானாக வரும் என்று காத்திருப்பான். பட்டணத்தில் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். அங்கே ஒரு பாட்டி எழுந்தே நின்றுவிட்டார். “அட சாமி, காம்பைப் புடிச்சுப் பீச்சுடா!” கூட்டம் முழுக்க அவனுக்குக் கறக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்து பண்ணையில் எல்லா மாட்டுக்கும் சூடு போட வேண்டும். பிரவுன் ஐஸைச் சுட அவனுக்கு மனசு வரவில்லை. சோப்பு நுரை தடவிச் சவரக் கத்தியால் முத்திரையை மயிரில் வழித்துவிடுகிறான். நான் இதை எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், “இவன் மாடு வளர்த்தவன்” என்று மட்டும் சொன்னார். கீட்டனுக்கு இதைவிடப் பெரிய விருது யாரும் கொடுத்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில் நூற்றுக்கணக்கான மாடுகளை லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்கள் வழியே ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். முதலாளி, என்ன வேண்டும் கேள், என் வீட்டில் எதுவானாலும் உனக்கு என்கிறார். “அவள் வேண்டும்” என்கிறான். முதலாளியின் மகள் பக்கத்தில் நிற்கிறாள். அவன் கை காட்டுவது பசுவை. எல்லாக் கௌபாய் படமும் முதலாளி மகளோடு முடிகிற காலத்தில் இப்படி முடித்தார். ஏற்காட்டில் பெண்கள் கை தட்டினார்கள். அந்த மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், ஒன்றும் குறையில்லை.

நம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் அமெரிக்கக் கௌபாய்களுக்கும் தொடர்பு உண்டா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

மௌனப் பட காலத்தோடு இல்லை. டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் ஸ்டுடியோவைத் தொடங்கியது 1930களின் நடுவில். அப்போது படம் பேச ஆரம்பித்துவிட்டது. பின்னால் உண்டு. 1952ல் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார். அதில் வந்த ராட் கேமரன் அமெரிக்காவில் கௌபாய் படங்களுக்குப் பேர் போனவர். எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் இங்கே ‘மந்திரிகுமாரி’யில் (1950) சுந்தரத்தோடு சேர்ந்து இயக்குநராக இருந்தார். தமிழில் குதிரையும் தொப்பியும் என்றால் எம். கர்ணன் ஜெய்சங்கரை வைத்து எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, இரண்டும் 1972. கேலியோடு என்றால் 2010ல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’.

மௌனப் படங்கள் நம் பக்கம் வந்தது டூரிங் கொட்டகையில். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905லேயே புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1920களில் நம் ஜனங்கள் பார்த்ததில் பெரும்பங்கு அமெரிக்கப் படங்களே. திவான் பகதூர் ரங்காச்சாரியார் தலைமையில் 1927–28ல் விசாரித்த சினிமாக் கமிட்டி இதைப் பதிவு செய்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘எடி போலோ’ என்ற பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவருடைய தொடர்படங்களில் கௌபாய் கதையும் ஒன்று.

செவ்விந்தியர்களையும் கறுப்பர்களையும் இழிவாகக் காட்டும் படங்களை இப்படிக் கொண்டாடலாமா?
– சட்டக் கல்லூரி மாணவி, தர்மபுரி

நீங்கள் கேட்டது நியாயம். 1918ல் ஆர்பக்கிளும் கீட்டனும் நடித்த ‘அவுட் வெஸ்ட்’டில் சாராயக் கடையில் ஒரு கறுப்பரின் காலடியில் சுட்டு ஆடவைக்கிறார்கள். ஒரு பெண் வந்து அவர்களை வெட்கப்பட வைத்து நிறுத்துகிறாள் என்றாலும், அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு முடிவதில்லை. முதல் பதிலில் சொன்ன அதே காலடிச் சூடுதான். யார் காலடி என்பதில் சிரிப்பு கொடுமையாகிவிடுகிறது. ‘வைல்ட் அண்ட் வூலி’யிலும் செவ்விந்தியர்கள் குடித்துவிட்டு வரும் கும்பலாகவே வருகிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டும்போது நிறுத்தி இதைச் சொல்லாமல் நான் மேலே போவதில்லை.

கூடவே மறைக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். நிஜக் கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். கயிறு வீசும் கலையே மெக்சிகோ மேய்ப்பர்கள் கொடுத்தது. பில் பிக்கெட் என்ற கறுப்பினக் கௌபாய், ஓடும் காளையின் கொம்பைப் பிடித்து மண்ணில் சாய்ப்பதில் பேர் வாங்கியவர். கறுப்பினப் பார்வையாளர்களுக்காக நார்மன் கம்பெனி எடுத்த ‘தி புல்-டாகர்’ அவரை வைத்துத்தான். ஜேம்ஸ் யங் டியர் என்ற பூர்வகுடி இயக்குநர் 1910லேயே ‘வைட் ஃபான்ஸ் டிவோஷன்’ எடுத்தார். ஸ்னேக்வில்லுக்குப் பக்கத்திலேயே இவற்றையும் வைத்துப் பாருங்கள்.

இவற்றை எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது?
– ராசிபுரம் வாசகர்

அமெரிக்காவில் வெளியாகி 95 வருஷம் தாண்டிய படங்களுக்குக் காப்புரிமை கிடையாது, அவை பொதுச் சொத்து. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கிடைப்பதே அதிர்ஷ்டம். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும், தானாகவே மட்கியும் போகும். அதில் இருக்கும் வெள்ளிக்காகக் கம்பெனிகளே பழைய பிரதிகளை அழித்ததும் உண்டு. 1912லிருந்து 1929 வரை அங்கே எடுத்த ஏறக்குறைய 11,000 முழு நீள மௌனப் படங்களில், வெளியான வடிவத்திலேயே மிஞ்சியவை 14 சதவீதம் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ல் அறிவித்தது.

முதலில் ‘ஆல்ஜி தி மைனர்’, பத்து நிமிடம்தானே. அடுத்து ‘அல்கலி ஐக்ஸ் ஆட்டோ’. பிறகு ஹரால்ட் லாய்டின் ‘ஆன் ஈஸ்டர்ன் வெஸ்டர்னர்’ (1920). அதற்குப் பிறகு ‘வைல்ட் அண்ட் வூலி’, ‘கோ வெஸ்ட்’. ஒரே படத்துக்கு நாலைந்து பிரதிகள் இருக்கும். ஓடும் நேரம் அதிகமாகக் காட்டுகிற பிரதியை எடுங்கள். பெரும்பாலும் அதுதான் சரியான வேகத்தில் மாற்றியது. ஏதாவது ஒரு பியானோவை ஒட்டவைத்திருந்தால் சத்தத்தை முழுவதும் அணைத்துவிடுங்கள். குடும்பத்தோடு உட்காருங்கள், ஆங்கில எழுத்து அட்டை வரும்போது வீட்டில் படித்தவர் யாராவது உரக்கத் தமிழில் சொல்லட்டும்.